வான்கோமைசின் ஊசி: அளவை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

கேள்வி:

என் அப்பாவுக்கு 66 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காய்ச்சலும் தாங்க முடியாத முதுகுவலியுமாக மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி இருக்கிறது, முதுகெலும்பையும் பிடித்துவிட்டது என்று சொல்லி, வான்கோமைசின் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் டோஸ் பாதி போவதற்குள் முகமும் கழுத்தும் சிவந்து ஒரே அரிப்பு. நர்ஸ் நிறுத்திவிட்டு வேறு ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே மருந்தையே மறுபடி ஏற்றினார். ஒத்துக்கொள்ளாத மருந்தை எப்படி மறுபடி கொடுக்கலாம்? ஒரு நாள் அளவைக் கூட்டுகிறார்கள், இரண்டு நாள் கழித்துக் குறைக்கிறார்கள், ஓயாமல் இரத்தம் எடுக்கிறார்கள். அப்பாவை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள் என்கிறான் தம்பி. சிறுநீரகமும் காதும் போய்விடும் என்று இணையத்தில் வேறு படித்திருக்கிறான். இப்போது காய்ச்சல் இல்லை. ஆனாலும் ஆறு வாரத்துக்கு மேல் ஊசி தொடர வேண்டுமாம், கையில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். மாத்திரையாகக் கொடுக்க முடியாதா? வீட்டில் நாங்கள் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில் (மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் அளவுகளைக் கணக்கிடும் மருந்தாளுநர்):

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியின் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். வான்கோமைசினை ஆரம்பித்துவிட்டு, இரத்தமும் எடுக்காமல், அளவையும் தொடாமல், ஒரே டோஸை நாள் தவறாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். இந்த மருந்து குறைந்தால் கிருமி தப்பிவிடும், கூடினால் சிறுநீரகம் அடிவாங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் அகலமானதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரமும் மாறும். அதனால் அளந்து அளந்து கொடுப்பதுதான் இதைக் கொடுக்கும் முறையே. உங்கள் அப்பாவின் டாக்டர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

முதல் நாள் வந்த சிவப்புக்கு வருவோம். வான்கோமைசின் வேகமாக இரத்தத்தில் கலக்கும்போது, நம் உடம்பில் இருக்கும் சில செல்களை நேரடியாகத் தூண்டி ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே கொட்ட வைக்கும். அதனால் முகம், கழுத்து, மார்பின் மேல்பகுதி எல்லாம் சூடாகிச் சிவக்கும், அரிக்கும். சிலருக்கு மார்பிலோ முதுகிலோ தசை இழுத்துப் பிடிக்கும். இரத்த அழுத்தமும் இறங்கலாம். மாநிறமோ கறுப்போ ஆனவர்களுக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ‘உச்சந்தலை எல்லாம் எரியுது, ஊர்ற மாதிரி இருக்கு’ என்று நோயாளி சொன்னால் அதையே சிவப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். இது வேகத்தால் வருவது. உடம்பு அந்த மருந்தை எதிரி என்று அடையாளம் வைத்துக்கொண்டு தாக்கும் உண்மையான ஒவ்வாமை வேறு வகை.

ஆகவே நர்ஸ் செய்தது சரியான காரியம். நிறுத்த வேண்டும், ஹிஸ்டமினை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டும், அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மறுபடி தொடங்க வேண்டும். பொதுவான கணக்கு, நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, டோஸ் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது. இதன்படி 1 கிராம் ஏற 100 நிமிடம் ஆகும், 1.5 கிராம் என்றால் இரண்டரை மணி நேரம். சில மருத்துவமனைகளில் இதைவிடக் கொஞ்சம் வேகமாக விடுவதும் உண்டு. ஆனால் ஒரு தடவை சிவந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மார்ஃபின் போன்ற வலி மருந்துகளும், ஸ்கேனுக்குப் போடும் சில சாய மருந்துகளும் ஹிஸ்டமினைக் கிளப்பக்கூடியவை. அவற்றையும் வான்கோமைசினையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் தள்ளித் தள்ளிக் கொடுக்கச் சொல்வது என் வழக்கம்.

ஆனால் இதே மருந்துக்கு உண்மையான ஒவ்வாமையும், அபூர்வமாக, வரத்தான் செய்கிறது. மூச்சு விசில் போல இழுப்பது, தொண்டை அடைப்பது, உதடோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றிச் சாய்வது: இவற்றில் எதுவும் வந்தால் மெதுவாக ஏற்றிப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. அங்கேயே நிறுத்தி, அட்ரினலின் கொடுத்து, அவசர சிகிச்சை பார்க்க வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மருத்துவக் குறிப்பில் ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்று மொட்டையாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால், ‘வேகமாக ஏற்றியபோது முகம் சிவந்து அரித்தது, மெதுவாக ஏற்றியபோது தாங்கிக்கொண்டார்’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒற்றைச் சொல் நாளைக்கு வேறு ஒரு மருத்துவமனையில், வேறு ஒரு நெருக்கடியில், அவருக்குத் தேவையான மருந்தைத் தட்டிவிடும். நான் வேலையில் அடிக்கடி பார்க்கும் எரிச்சலான விஷயம் இது. விசாரித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே யாருக்கும் நினைவிருக்காது.

சரி, அளவு ஏன் ஏறி இறங்குகிறது? வான்கோமைசின் உடம்பில் பெரிதாக மாற்றம் எதுவும் அடையாமல் அப்படியே சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஆளுக்கு, இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். சிறுநீரகம் அறவே ஓய்ந்துவிட்டவருக்கு அதே பாதிக்குப் பல நாட்கள் ஆகும். 66 வயது, பல வருடச் சர்க்கரை, காய்ச்சலில் வற்றிப்போன உடம்பு என்று வந்த உங்கள் அப்பா இந்த இரண்டு முனைக்கும் நடுவில் எங்கே நிற்கிறார் என்பதை அவரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எடையையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எண்ணையும் வைத்து ஒரு மதிப்பீட்டில் தொடங்குகிறோம். கடுமையான தொற்று என்றால் மருந்து சீக்கிரம் தேவையான மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காக முதல் டோஸை மட்டும் பெரிதாகக் கொடுப்பதும் உண்டு. 70 கிலோ எடை என்றால் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வைத்து 1,750 மில்லிகிராம் வரும். அதன் பிறகு, சிறுநீரகம் சரியாக இருந்தால், கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. எடையைத் தராசில் பார்க்காமல் கண்ணளவில் எழுதிவிட்டால் கணக்கு முதல் படியிலேயே கோணிப்போகும். அதனால்தான் எழுந்து நிற்க முடியாத ஆளுக்கும் எப்படியாவது எடை பார்க்கச் சொல்லி நர்ஸுகளைத் தொல்லை செய்துகொண்டிருப்பேன்.

மதிப்பீடு சரியா என்பதை இரத்தத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும். வழக்கமாக அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன்னால், மருந்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க இரத்தம் எடுப்பார்கள். சில இடங்களில் டோஸ் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒன்றும், அடுத்த டோஸுக்கு முன் ஒன்றுமாக இரண்டு தடவை எடுப்பார்கள். இரண்டு எண் கிடைத்தால், 24 மணி நேரத்தில் உடம்பு மொத்தம் எவ்வளவு மருந்தைச் சந்திக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். முன்பெல்லாம் ஒரே எண்தான். டோஸுக்கு முந்தைய அளவு லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க நிபுணர் அமைப்புகள் சொல்லியிருந்தன. அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போனதில் தேவைக்கு மேல் மருந்து ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படுவது அதிகம் என்று தெரிந்தது. 2020-ல் அதை மாற்றி, கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுக்கு அந்த 24 மணி நேர மொத்தக் கணக்கு (இது மில்லிகிராம் டோஸ் இல்லை, இரத்தத்தில் இருக்கும் அளவையும் நேரத்தையும் சேர்த்துப் போடும் எண்) 400-க்கும் 600-க்கும் இடையில் இருக்கட்டும் என்றார்கள். உங்கள் மருத்துவமனை இதில் எந்த முறையைப் பின்பற்றினாலும் சரி, ஏதாவது ஒன்றைப் பின்பற்ற வேண்டும்.

அந்த இரத்தம் எடுக்கும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் குடும்பத்தினர் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இது. இரவு 8 மணி டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி அடைத்துக்கொண்டு, வேறு கையில் ஊசி மாற்றி, மருந்து உண்மையில் ஓடத் தொடங்கியது 10 மணிக்கு. சீட்டில் 8 என்றுதான் இருக்கிறது. காலை ஏழரைக்கு வழக்கம்போல வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எண் கூடுதலாக வருகிறது. வராமல் என்ன செய்யும்? மருந்து இறங்க இரண்டு மணி நேரம் குறைவாகத்தானே கிடைத்தது? அந்த எண்ணை மட்டும் பார்த்தால், சிறுநீரகம் மந்தமாகிவிட்டது என்று நினைத்து டோஸைக் குறைத்துவிடுவேன். தொற்றுக்குத் தேவையான மருந்து கிடைக்காமல் போகும். மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து இரத்தத்தை எடுத்தாலும் இதே கதைதான், குழாயில் ஒட்டியிருக்கும் மருந்து எண்ணை ஏற்றிக் காட்டும்.

அதனால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டோஸும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, இரத்தம் எத்தனை மணிக்கு, எந்தக் கையில் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். தம்பிக்கு வேலை வேண்டும் என்றால் இதைக் கொடுங்கள். சந்தேகப்படுகிறவர்கள் நேரத்தை ஒழுங்காகக் குறிப்பார்கள்.

சிறுநீரகம் பற்றிய பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. காது பற்றியதில் பழைய வாடை கொஞ்சம் அதிகம். 1950-களில் போர்னியோவிலிருந்து வந்த மண் மாதிரியில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து எடுத்த மருந்து இது. 1958-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது அதை இன்றைய அளவுக்குச் சுத்திகரிக்கத் தெரியவில்லை. மருந்து பழுப்பு நிறத்தில் இருக்குமாம். ‘மிசிசிப்பிச் சேறு’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். இந்த மருந்தின் பக்கவிளைவுகளைப் பற்றிய பயங்கரச் செய்திகளில் ஒரு பங்கு அந்தக் காலத்து அழுக்கு மருந்தோடு வந்தது. இன்றைக்கு வருவது சுத்தமானது. செவிப் பாதிப்பு அரிது. ஜென்டமைசின், அமிகாசின் மாதிரி காதைத் தொடும் வேறு மருந்தும் சேர்ந்தால், அல்லது ஏற்கனவே செவித்திறன் குறைந்திருந்தால் வாய்ப்பு கூடும். காதில் புதிதாக ரீங்காரம் கேட்டாலோ, டி.வி. சத்தத்தை வழக்கத்துக்கு மேல் கூட்டச் சொன்னாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காதைப் பற்றி அவ்வளவுதான்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாதிப்பு வந்தாலும் சீக்கிரம் கண்டுபிடித்து அளவைச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு மீண்டுவிடும். தாமதமாகத் தெரிந்தால்தான் சிக்கல். கிரியாட்டினின் 0.9 இருந்த ஒருவருக்கு 1.4 ஆகிறது என்று வையுங்கள். லேப் சீட்டைப் பார்த்தால், இயல்பு அளவைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, பரவாயில்லை என்று தோன்றும். எனக்கு அது இருந்ததில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று தெரியும், அன்றைக்கே டோஸை நிறுத்திவைத்து அளவைப் பார்க்கச் சொல்வேன். ஆகவே சீட்டில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று தேடாதீர்கள். முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, போன தடவைக்கு இது எவ்வளவு கூட என்று கேளுங்கள்.

சிறுநீரகத்துக்கு வான்கோமைசின் தனியாகச் செய்யும் கெடுதலைவிட, கூட்டாளிகளோடு சேர்ந்து செய்வது அதிகம். உங்கள் அப்பாவின் விஷயத்தில் நான் முதலில் பயப்படுவது வலி மாத்திரைக்குத்தான். முதுகெலும்பில் தொற்று என்றால் வலி சாதாரணமாக இருக்காது. டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் நிறைய வீடுகளில் இருக்கும். அப்பா கேட்கிறாரே என்று தலையணைக்கு அடியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், மருந்து தேங்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள், நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். அடுத்தது பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற இன்னொரு ஊசி. என்ன கிருமி என்று தெரியாத முதல் இரண்டு மூன்று நாட்களில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், நியாயமும்கூட. கிருமி எம்.ஆர்.எஸ்.ஏ.தான் என்று உறுதியான பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால், அது இன்னும் தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறுநீர் பெருக்கும் மருந்துகள், ஸ்கேன் சாயம், வயிற்றுப்போக்கு, வாந்தி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருப்பது எல்லாம் இதே பட்டியலில் வரும்.

அடுத்து மாத்திரை. வான்கோமைசின் கேப்சூல் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வி பலருக்கு வருகிறது. ஆனால் இது உருவத்தில் பெரிய மூலக்கூறு, குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறவே ஏறாது என்று சொல்லலாம். வாய்வழி கொடுக்கும் வான்கோமைசின் குடலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கிருமியால் வரும் வயிற்றுப்போக்குக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். எலும்பில் உட்கார்ந்திருக்கும் கிருமியை அது எட்டிக்கூடப் பார்க்காது. தசையில் போடும் ஊசியாகவும் இதைக் கொடுக்கக் கூடாது. தசை வெந்து அழுகும் அளவுக்குக் காரமான மருந்து இது. நரம்பில் மட்டும்தான், அதுவும் நன்றாக நீர்க்கவைத்து.

வேறு ஒரு ஆன்டிபயாட்டிக்கை மாத்திரையாகக் கொடுக்கலாமா என்பது நல்ல கேள்வி. எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கு வாரக்கணக்கில் ஊசிதான் என்று இருந்த பழைய உறுதி இப்போது தளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஓவிவா ஆய்வில், எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்கு முதல் ஆறு வாரங்களில் தகுந்த மாத்திரை கொடுத்தவர்களும் ஊசி கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்குக் கிருமி எலும்போடு நிற்கவில்லை, இரத்தத்திலும் இருந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. இரத்தத்தில் கலந்தால் இதயத்தின் வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே இரண்டு விஷயம் தெரியாமல் மாத்திரையைப் பற்றிப் பேசக் கூடாது. இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தாயிற்றா? இரத்தத்தை மறுபடி மறுபடி கல்ச்சர் செய்ததில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எந்த நாளில் கிருமி இல்லை என்று வந்தது? இந்தத் தேதியைக் கட்டாயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நாட்களை எண்ணுவது மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து இல்லை, இரத்தம் சுத்தமான அந்த நாளிலிருந்து. முதுகெலும்பில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் அங்கிருந்து ஆறு முதல் எட்டு வாரம் எதிர்பார்க்க வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். இடையில் நிலைமை நன்றாக இருந்தால் லினசோலிட் போன்ற மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்கலாம். ஆனால் அது இரண்டு வாரத்தைத் தாண்டினால் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கக்கூடியது, சில மனச்சோர்வு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. மாத்திரை என்றால் சாது என்று எண்ண வேண்டாம்.

காய்ச்சல் போய்விட்டதே என்ற வாதமும் இங்கே எடுபடாது. மருந்து தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் இறங்குவது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பின் மூலையில் மிச்சம் இருக்கும் கிருமி காய்ச்சல் காட்டாமல் வாரக்கணக்கில் கிடக்கும். பாதியில் நிறுத்தினால் அது திரும்ப வரும். முதுகெலும்பில் திரும்ப வருவதென்றால் தண்டுவடம் அழுந்திக் கால் மரத்துப்போகும் வரைக்கும் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வான்கோமைசின்தான் இருப்பதிலேயே பலமான ஆன்டிபயாட்டிக், கடைசி ஆயுதம் என்றெல்லாம் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. மெதிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்கு, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு, இது நல்ல மருந்து. அடங்குகிற சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றால் செஃபசோலின், குளோக்சாசிலின் வகைகள் இதைவிட நன்றாக வேலை செய்யும். கல்ச்சர் முடிவு அப்படி வந்த பிறகும் பலமான மருந்தை ஏன் விட வேண்டும் என்று வான்கோமைசினையே தொடர்வது நோயாளிக்கு நஷ்டம். உங்கள் அப்பாவுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. என்றே வந்திருப்பதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

இனி வீடு. மேற்கையில் வைத்து, நுனி இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய நரம்பு வரை போகும் மெல்லிய குழாயைத்தான் வைக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறேன், பிக் லைன் என்பார்கள். காரமான மருந்து வாரக்கணக்கில் போவதற்கு அதுதான் தோது. சின்ன நரம்பில் தொடர்ந்து ஏற்றினால் நரம்பு வீங்கி, கயிறு போல இறுகிவிடும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, வேறு ஊசி குத்தக் கூடாது, குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது. குழாயைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கை கழுவி, இணைக்கும் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் மாட்ட வேண்டும். இந்தக் காயவிடுவதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரால் குழாயைக் கழுவ வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் மாதிரி வேறு ஊசி மருந்தும் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே குழாயில் விடாதீர்கள், உள்ளேயே பால் திரிந்த மாதிரி படிந்துவிடலாம்.

பையை மாட்டும் முன் பெயர், அளவு, தேதி பாருங்கள். கலங்கலோ துகளோ தெரிந்தால் மாட்ட வேண்டாம். ஃபிரிட்ஜில் இருந்ததை முன்கூட்டியே எடுத்து வைத்து, குளிர் விட்ட பிறகு ஏற்றுங்கள். முக்கியமாக, குழாயில் இருக்கும் வேகச் சக்கரத்தில் நர்ஸ் வைத்துக் காட்டிய வேகத்தை யாரும் மாற்றக் கூடாது. இரவு பத்தரை மணி, எல்லோருக்கும் தூக்கம், பையில் இன்னும் கால்வாசி இருக்கிறது. கொஞ்சம் திறந்துவிட்டால் முடிந்துவிடுமே என்று கை தானாகப் போகும். உங்கள் அப்பாவுக்கு ஏற்கனவே சிவந்திருக்கிறது, அதனால் கூடவே கூடாது. ஒரு டோஸ் தவறிவிட்டால் அடுத்ததை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள், போன் செய்து கேளுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினின், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, வான்கோமைசின் அளவு மூன்றும் பார்க்க வேண்டும். அளவு மாறிய வாரத்தில் இன்னும் அடிக்கடி. இந்த முடிவுகளை யார் பார்ப்பார்கள், எந்த எண்ணுக்கு நீங்கள் போன் செய்ய வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். இரத்தம் எடுத்து அனுப்பி, முடிவை யாருமே பார்க்காமல் கிடக்கும் நிலைமைதான் வீட்டுச் சிகிச்சையில் வரும் பெரிய ஓட்டை.

சில அறிகுறிகள் நாள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் திடீரென்று குறையலாம். தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். அதே காலக்கட்டத்தில் உடம்பெங்கும் தடிப்பு, காய்ச்சல், முக வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது கல்லீரல், சிறுநீரகம் வரை போகும் கடுமையான மருந்து எதிர்வினை. முதல் நாள் வந்த சிவப்புதான் மறுபடி வந்திருக்கிறது என்று நினைத்து அரிப்பு மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். மருந்தை ஏற்றாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குழாயை உப்புநீரால் கழுவிய ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் குழாயிலேயே கிருமி சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் கை வீங்கினால் இரத்தம் உறைந்திருக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ, ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராக வயிற்றுப்போக்கு போனாலோ அடுத்த டோஸுக்கு முன் போன் செய்யுங்கள். கால் மரத்தல், நடை தடுமாறல், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போதல் என்றால் போனும் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

சர்க்கரையையும் விட்டுவிடாதீர்கள். தொற்று இருக்கும்போது அது தாறுமாறாக ஏறும், தொற்று அடங்க அடங்க இறங்கும். அதே இன்சுலின் அளவு நான்காவது வாரத்தில் அதிகமாகிவிடலாம். வீட்டில் அளந்து எழுதி, அந்த நோட்டிலேயே இன்னொரு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி டோஸ் முடிந்ததும், இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே குழாயை எடுக்கச் சொல்லுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தால் அதுவே அடுத்த தொற்றுக்கு வழி. அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு முதுகுவலி கூடுகிறதா, காய்ச்சல் எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். வந்தால் வீட்டில் இருக்கும் ஏதாவது ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிடாதீர்கள், முதலில் இரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு டோஸ் உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி பிடிபடாமல் போகலாம், அப்படியானால் எந்த மருந்து என்று மறுபடி குத்துமதிப்பாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.